டோல்கேட்டுக்குக் கிடைத்த கண்ணாடிக் கோப்பை

அந்தக் கோப்பையைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது எழுத்துப் பிழைதான். நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். நல்ல கனமான கண்ணாடி, ஒரு பக்கம் சாய்ந்த முக்கோணம், அடியில் கறுப்பு மரக்கட்டை. அதில் ஒட்டிய தகட்டில் அந்த ஆண்டின் சிறந்த சுங்க வசூல் அமைப்பு என்று பொறித்திருந்தது. மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லப்பா, தூரத்துல வச்சா தெரியாது" என்றார். வரவேற்பறை அலமாரியின் மேல்தட்டில், எட்டிப் பார்த்தாலும் படிக்க முடியாத உயரத்தில் வைத்தோம்.

அந்த விருதுக்கு விண்ணப்பம் எழுதியவன் நான். அப்போது எனக்கு வேலையே அதுதான். டெண்டர் ஆவணம், ஆண்டறிக்கை, அப்புறம் விருது விண்ணப்பம். எனக்குச் சாலை போடவும் தெரியாது, மென்பொருள் எழுதவும் தெரியாது. மற்றவர்கள் செய்ததை நாற்பது பக்கத்துக்குப் பளபளப்பாகச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

கோப்பை வந்த அதே வாரம், எங்கள் அமைப்பு வசூல் செய்துகொண்டிருந்த சாலையில் கட்டணத்தை எதிர்த்து லாரிக்காரர்கள் மறியல் செய்தார்கள். ஒரு லேனில் தடுப்புக்கட்டையை யாரோ பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது: "பத்திரிகைல இருந்து கேட்டா அந்த அவார்டு போட்டோவ அனுப்பிடு."

அனுப்பினேன். அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறுத்தியது. மறியலுக்கு விருது எப்படிப் பதிலாகும்?

வெளியே இருப்பவர்கள் தொழில்துறை விருது என்றால் யாரோ நம்மைத் தூரத்திலிருந்து கவனித்து, தேடி வந்து கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். நானும் வேலைக்குச் சேரும்வரை அப்படித்தான் நினைத்தேன். பெரும்பாலான விருதுகளுக்கு நாமேதான் மனுப் போட வேண்டும். பல இடங்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. ஒரே வேலையை மூன்று பிரிவில் போட்டால் மூன்று கட்டணம். பெயர் ஷார்ட்லிஸ்டில் வந்ததும் விழாவுக்கு மேசை பதிவு செய்யச் சொல்லி மின்னஞ்சல் வரும். பத்து நாற்காலி கொண்ட மேசை, மேடைக்குப் பக்கத்தில் என்றால் விலை கூடுதல். ஸ்பான்சர் பட்டியலைப் பார்த்தால் நமக்கு இயந்திரம் விற்றவர்கள், நமக்குப் போட்டியாக டெண்டர் போட்டவர்கள் எல்லாரும் இருப்பார்கள். பிரிவுகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் கூடும். குறைந்து நான் பார்த்ததில்லை.

எல்லா விருதும் இப்படி என்று சொல்ல வரவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'பயனாளர்களின் குறைகளை எப்படிக் கையாளுகிறீர்கள்? 300 சொற்களுக்குள்.' அதற்கு நான் எழுதிய பதில்தான் எனக்கு முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்களுக்கு வரும் புகார்களை மென்பொருள் இரண்டாகப் பிரிக்கும். அட்டையை மெஷின் படிக்கவில்லை, ஒரே பயணத்துக்கு இரண்டு முறை பணம் எடுத்துவிட்டது என்பதெல்லாம் 'சேவை சார்ந்தது'. 'நான் எதற்குக் கட்ட வேண்டும்?' என்பது 'கொள்கை சார்ந்தது'. சேவைப் புகாரை ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும். கொள்கைப் புகாருக்கு அச்சடித்த பதில் ஒன்று தானாகப் போகும். போன நொடியே 'முடிக்கப்பட்டது' என்று குறித்துவிடும். ஆக, ஜனங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு கோபமாக எழுதினார்களோ அவ்வளவுக்கு எங்கள் சராசரி நேரம் குறைந்தது. அந்தச் சராசரியைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

விண்ணப்பத்துக்குப் புகைப்படம் வேண்டும் என்று ஒருமுறை பூத்துக்கே போனேன். உள்ளே ஒரு பெண், விரல் நுனியில் ரப்பர் உறை மாட்டியிருந்தார், சில்லறை எண்ணுவதற்கு. ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு வண்டியாக நின்று கிளம்ப, ஒவ்வொருவரும் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் முணுமுணுப்பு, சிலர் நேரடி வசவு. கேமராவைத் தூக்கியதும் கேட்டார்: "சிரிக்கணுமா சார்?" சிரித்தார். எடுத்தேன். "ஒரு ஷிஃப்டுல எத்தனை தடவை திட்டு வாங்கறேன்னும் எழுதுவீங்களா சார்?" அதற்கு விண்ணப்பத்தில் இடம் இல்லை. படம் அட்டையில் வந்தது.

விருது, பட்டம் என்று பேச்சு வந்தால் எனக்கு வேறொரு பட்டம் நினைவுக்கு வரும். 1070-இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். கல்வெட்டிலேயே இருக்கிறது. கங்கைவரை படை நடத்தி, கடல் தாண்டிக் கடாரமும் கொண்ட ராஜேந்திரன் பிறந்த பரம்பரை அது. அந்தப் பட்டியலில் ஒருவனுக்குச் சுங்கத்தை எடுத்துவிட்டது என்பதே தனியாகச் சொல்லிக்கொள்ளும் பெருமையாக நின்றிருக்கிறது. வசூலித்த அரசர்கள் எத்தனையோ பேர். ஒழுங்காக வசூலித்தான் என்பதற்காக ஒருவனும் பெயர் வாங்கவில்லை.

சுங்கத்தை வெறுப்பது கஞ்சத்தனம் என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். 'நல்ல ரோடு வேணும், ஆனா காசு குடுக்க மாட்டாங்க' என்பது அங்கே காலை வணக்கம் மாதிரி. பழைய கதைகளைப் படிக்கப் படிக்க எனக்கு அது சரியாகப் படவில்லை.

வேல்ஸின் தென்மேற்கில் 1839-இல் தொடங்கி 1843-வரை நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பெண் உடை உடுத்தி, முகத்தில் கரி பூசிக்கொண்டு, இரவில் கும்பலாக வந்து டோல்கேட்டுகளை உடைத்தார்கள். முன்னால் நிற்பவருக்கு 'ரெபெக்கா' என்று பெயர். அது ஒரே ஆள் இல்லை. அன்றைக்கு யார் தலைமையோ அவர்தான் ரெபெக்கா. விவிலியத்தில் ரெபெக்காளை வாழ்த்தி அனுப்பும்போது, உன் சந்ததியார் தங்கள் பகைவரின் வாசலைக் கைப்பற்றுவார்களாக என்று ஒரு வரி வரும். அந்த வாசலை இவர்கள் கேட் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எதற்கு இவ்வளவு கோபம்? சுண்ணாம்பு. அது புளிப்பு மண். சுண்ணாம்பு போட்டால்தான் விளையும். சூளையிலிருந்து வண்டியில் ஏற்றி வர வேண்டும். வழியெல்லாம் சாலையைப் பராமரித்துக் கட்டணம் வசூலிக்கும் வெவ்வேறு டிரஸ்டுகள், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு கேட். வீடு வந்து சேர்வதற்குள் வழிக்கட்டணம் சுண்ணாம்பின் விலையோடு போட்டி போடும். இதற்கு மேல் வசூலையே ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். தாமஸ் புல்லின் என்பவர் அப்படிப் பல டிரஸ்டுகளின் வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர். பெரிய கேட்டைத் தவிர்த்துச் சந்து வழியாக நழுவும் வண்டிகளைப் பிடிக்கக் கிளைப்பாதைகளிலும் தடுப்பு வைக்கும் வழக்கம் வந்தது. கசிவு இல்லாத வசூல். எங்கள் தொழிலில் இதற்கு 'வருவாய் இழப்புத் தடுப்பு' என்று பெயர், அதற்கென்றே ஒரு விருதுப் பிரிவும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கோப்பை கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால் புல்லின் வீட்டு அலமாரி நிரம்பியிருக்கும்.

இதை வீரக்கதையாகச் சொல்லவும் மனம் வரவில்லை. 1843-இல் ஹென்டி என்ற இடத்தில் கேட் காத்த மூதாட்டி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குத்தகைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி எப்போதும் பூத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் விழுகிறது.

கலவரம் எப்படி அடங்கியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படையும் காவலும் வந்தன, தண்டனையும் கொடுத்தார்கள். கூடவே ஒரு விசாரணைக் குழு ஊர் ஊராகப் போய், வண்டிக்காரர்களையும் விவசாயிகளையும் உட்கார வைத்துக் கேட்டது. 1844-இல் சட்டம் வந்தது. சிதறிக்கிடந்த டிரஸ்டுகளை மாவட்ட வாரியாக ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்பு வண்டிக்கான கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். சுங்கம் ஒழியவில்லை, அப்புறமும் கட்டினார்கள். ஆனால் கேட்டை உடைக்கவில்லை. ஒரு பைசாகூடத் தர மாட்டேன் என்பவர்கள் இப்படியா நடந்துகொள்வார்கள்?

இதையே இன்னும் தெளிவாகக் காட்டியது ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பாலம். 1995 அக்டோபரில் திறந்தார்கள். தனியார் பணத்தில் கட்டி, கட்டணம் வசூலித்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதற்கு முன் அதே இடத்தில் படகு ஓடியது. படகுக் கட்டணத்தை ஒட்டித்தான் பாலக் கட்டணத்தையும் வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் யாருக்கும் கூடுதல் செலவு இல்லை. ஆனால் படகுக்குக் காசு கொடுத்த அதே மக்கள் பாலத்துக்குக் கொடுக்க மறுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் வழக்கில் தண்டனை பெற்றார்கள்.

என் மேனேஜராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். படகில் ஒருவர் நம்மை ஏற்றி, ஓட்டி, இறக்கி விடுகிறார். கூலி கண்ணுக்குத் தெரிகிறது. பாலம் அங்கேயே நிற்கிறது. அதுவும் பாலம் திறந்த அன்றே அந்தப் படகை நிறுத்திவிட்டார்கள். வேறு வழியை மூடிவிட்டுக் கேட்கும் காசுக்குக் கட்டணம் என்று பெயர் இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். ஒன்பது வருடம் விடாமல் போராடினார்கள். 2004 டிசம்பர் 21 அன்று, சுமார் 2.7 கோடி பவுண்டு கொடுத்துப் பாலத்தை அரசு வாங்கிக்கொள்ள, வசூல் நின்றது.

அதே மாதத்தில்தான் பிரான்சில் மியோ பாலம் திறந்தது. தரையிலிருந்து 343 மீட்டர் உயரம், மேகத்துக்கு மேலே கம்பிகள் நிற்கும் அந்தப் படங்களைப் பார்க்காதவர் குறைவு. அதுவும் தனியார் பணம்தான், அதற்கும் டோல்தான். வசூல் உரிமை 75 ஆண்டுகளுக்கு. 2006-இல் கட்டமைப்புப் பொறியாளர்களின் சர்வதேசச் சங்கம் அதற்குச் சிறந்த கட்டமைப்பு விருது கொடுத்தது. ஸ்கையில் நடந்த மாதிரி அங்கே எதுவும் நடக்கவில்லை. காரணம் பாலத்தின் அழகு என்று எங்கள் துறையில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே காசு கொடுத்துப் போக விருப்பமில்லாதவர் பழைய சாலையில் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, மியோ ஊருக்குள் புகுந்து, மறுபக்கம் ஏறிப் போகலாம். நேரம் ஆகும், ஆனால் வழி இருக்கிறது. அந்த வழி எந்த விருதுக் குழுவின் கண்ணிலும் பட்டிருக்காது. அது விருதுக்கு வந்த கட்டமைப்பே இல்லையே.

இன்னொரு பெரிய எரிச்சல், முடிவுத் தேதி. லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸைக் கடக்கும் டார்ட்ஃபோர்டில் 1991-இல் திறந்த பாலத்துக்கு, கடன் அடைந்ததும் கட்டணம் நிற்கும் என்பதுதான் முதலில் இருந்த ஏற்பாடு. கடன் அடைந்தது. 2003-இல் கட்டணம் நெரிசலைக் குறைப்பதற்கு என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டி.என்.டி. பாலச்சாலை இதற்கும் ஒரு படி மேலே. திறந்தது 2001-இல். ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கு மொத்தத் திட்டச் செலவின்மேல் ஆண்டுக்கு 20 சதவீத வருமானம் உறுதி. அந்த அளவு வரவில்லையா, குறைந்த தொகையைத் திட்டச் செலவோடு சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அந்தப் பெரிய தொகைக்கு 20 சதவீதம். வட்டிக்கு வட்டி தெரிந்த எந்தச் சின்னப் பிள்ளைக்கும் இது எங்கே போகும் என்று புரிந்துவிடும்: கட்டக் கட்ட வளரும் கடன். குடியிருப்போர் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2016-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இந்த மாதிரி ஒப்பந்தங்களை வரைவதற்கும் துறையில் விருதுப் பிரிவு உண்டு, 'புதுமையான நிதி ஏற்பாடு' என்று. பல விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன்; புதுமை என்ற சொல்லைக் கண்டாலே இப்போது எனக்கு வயிறு கலங்கும்.

சரி, மக்கள் எப்போதும் சரி, வசூலிப்பவர்கள் எப்போதும் தவறு என்று முடித்துவிடலாமா? அதற்கு ஸ்டாக்ஹோம் இடம் கொடுக்காது. நகரத்துக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் என்றபோது அங்கேயும் பெரும்பான்மை எதிர்ப்புதான். ஆனால் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். பிறகு 2006 ஜனவரியிலிருந்து ஜூலைவரை ஏழு மாதம் கட்டணத்தைச் சோதனையாக நடத்தி, நிறுத்தினார்கள். ஆமாம், நிறுத்திக் காட்டினார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். நின்றதும் வண்டிகள் திரும்பி வந்ததையும் பார்த்தார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு. மெலிந்த வித்தியாசத்தில் நகரவாசிகள் ஆதரவு தந்தார்கள். 2007-இல் நிரந்தரமானது, அதற்குப் பிறகு ஆதரவு ஏறிக்கொண்டேதான் போனது.

இப்படி நிறுத்திக் காட்டாமல் கேட்ட இடங்களில் கதை வேறு. எடின்பரோவில் 2005-இல் வாக்கெடுப்பு, ஏறத்தாழ 74 சதவீதம் எதிர்ப்பு. மான்செஸ்டரில் 2008-இல் அதைவிட அதிகம். ஸ்வீடனிலேயே கோதன்பர்க்கில் 2013-இல் வசூலைத் தொடங்கிவிட்டு 2014-இல்தான் கேட்டார்கள்; 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி வசூல் தொடர்ந்தது. எனக்கு இதில் கோதன்பர்க்தான் உறுத்துகிறது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் நடந்ததைப் படித்தபோது ரெபெக்காவுக்கு நூற்றெழுபது வருடம் இளைய தங்கை பிறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா பகுதி விரைவுச்சாலைகளை அகலப்படுத்திவிட்டு 2013 டிசம்பரில் மின்னணு சுங்கம் தொடங்கினார்கள். பூத் இல்லை, தடுப்புக்கட்டை இல்லை. தலைக்கு மேலே வளைவுகள், அதில் கேமரா. வண்டி நிற்கவே வேண்டாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உடைப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆகவே மக்கள் எதையும் உடைக்கவில்லை. பில் வந்தது, பெரும்பாலானோர் கட்டவில்லை. அவ்வளவுதான் போராட்டம். ஊர்நடுச் சாலைக்கு எரிபொருள் வரியிலிருந்து எடுத்துக்கொள் என்பது அவர்கள் வாதம். பத்து வருடம் வளைவுகள் படம் எடுத்துக்கொண்டே இருந்தன. 2024 ஏப்ரலில் அரசு வசூலை நிறுத்தியது.

இந்த நிற்காத வசூலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தது அதுதான். விண்ணப்பத்தில் நானே எழுதிய வாக்கியம்: 'கட்டணம் செலுத்துவதையே பயணி உணராத அனுபவம்.' எவ்வளவு பெருமையாக எழுதினேன்! பிறகுதான் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஏமி ஃபிங்கெல்ஸ்டீன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. மின்னணு வசூலுக்கு மாறிய சாலைகளிலும் பாலங்களிலும், கையால் வசூலித்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிடக் கட்டணம் 20 முதல் 40 சதவீதம் கூடுதல் என்று அவர் கணக்கிட்டிருந்தார். பர்ஸைத் திறக்கும்போது மனதுக்குள் வரும் சின்ன வலிதான் கட்டணத்தை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அந்த வலியை எடுத்துவிட்டதற்குத்தான் எங்களுக்கு விருது. பூத்தில் இருந்த பெண்ணின் விரல் உறையும், அவர் வாங்கிய வசவும்கூட ஒரு வகையில் அந்தப் பிடிமானத்தின் பகுதிதான் என்று இப்போது தோன்றுகிறது. அவரைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படியானால் தொழில்துறை விருதே வீணா? என் அனுபவத்தில் பாதி வீண். ஊர் அறிந்த உதாரணம் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம். ஃபார்ச்சூன் பத்திரிகை அதை அமெரிக்காவின் மிகப் புதுமையான நிறுவனம் என்று ஆறு ஆண்டுகள் தொடர்ந்து தேர்ந்தெடுத்தது. 2001 டிசம்பரில் அது திவாலானது. புதுமை இருந்தது உண்மைதான், கணக்கெழுதுவதில். 1990-இல் அமெரிக்க அரசின் பால்ட்ரிஜ் தர விருது வாங்கிய வாலஸ் என்ற நிறுவனம் 1992-இல் திவால் மனுப் போட்டது. தனி மனிதர்களிடமும் இது உண்டு: விருது வாங்கிய தலைமை நிர்வாகிகளின் நிறுவனங்கள் அதற்குப் பிறகு பின்தங்கின என்று மால்மென்டியர், டேட் என்ற பொருளியல் அறிஞர்கள் இருவரின் ஆய்வு ஒன்று சொல்கிறது. கோப்பை வாங்கியவர்கள் வெளி வேலைகளில் கவனம் செலுத்த ஆரம்பித்துவிடுகிறார்களாம். எங்கள் மேனேஜர் அந்த வருடம் எத்தனை கருத்தரங்குக்குப் போனார் என்று எண்ணிப் பார்த்தேன். விடுங்கள்.

மறுபாதி வீண் இல்லை. பால்ட்ரிஜ் விருதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அதில் தோற்றவர்களுக்கும் எங்கே குறை என்று விரிவான அறிக்கை எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்காகவே விண்ணப்பித்தவர்கள் உண்டு. சாலையிலும் பாலத்திலும் பொதுமக்களால் பார்க்கவே முடியாத விஷயங்கள் நிறைய. கான்கிரீட்டை எத்தனை நாள் நனைத்தார்கள், மழைநீர் எங்கே போகிறது, இரவு வேலையில் எத்தனை பேர் அடிபட்டார்கள். அதைச் சக தொழில்காரன்தான் கண்டுபிடிக்க முடியும். அவன் பாராட்டினால் அதற்கு மதிப்பு உண்டு. ஒரு கொத்தனாரின் சுவரை இன்னொரு கொத்தனார் கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டுவதற்கு இருக்கிற மதிப்பு. தலையாட்டியதை வீட்டு வாடகை நியாயமானது என்பதற்குச் சான்றாகக் காட்டும்போதுதான் எனக்கு இடிக்கிறது.

சுங்கச் சாலை, பாலம், சுரங்கம் நடத்துபவர்களுக்கு 1932-இல் தொடங்கிய சர்வதேசச் சங்கம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் சிறப்பு விருதுகள் கொடுக்கிறது. தொழில்நுட்பம், வாடிக்கையாளர் சேவை என்றெல்லாம் பிரிவுகள். அதில் தப்பு என்ன இருக்கிறது? எந்தத் தொழிலும் தன் ஆட்களைத் தட்டிக்கொடுக்கும். வசூலிப்பவர்கள் கூடி நன்றாக வசூலித்தவருக்குக் கைதட்டலாம். அந்தக் கைதட்டல் சத்தத்தை மறியல்காரர்களின் காதில் வைத்து, பார், உலகமே பாராட்டுகிறது என்று சொல்லக் கூடாது. நான் அன்று புகைப்படத்தை அனுப்பியது அதைத்தான் செய்தது.

அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. சென்ற ஆண்டு ஒரு விருதுக்கு முதல் சுற்று நடுவராக இருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திருடனைப் பிடிக்கத் திருடன் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒப்புக்கொண்டேன். மதிப்பெண் தாளில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்: 'இந்தக் கட்டணம் எந்த ஆண்டில் முடியும், அதைக் கட்டுபவருக்குத் தெரியுமா?' ஒருங்கிணைப்பாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "நல்ல பாயின்ட் சார். இந்த வருஷ ஃபார்ம் ஏற்கெனவே போயிடுச்சு."

எனக்கு வந்த விண்ணப்பக் கட்டுக்குள் ஒரு சின்னப் பாலத்தினுடையதும் இருந்தது. மெலிசாக, பதினோரு பக்கம். எழுதியவருக்கு விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை என்பது முதல் பத்தியிலேயே தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு புகைப்படம்: பாலத்தின் நுழைவில் ஒரு பலகை, அதில் சாக்கட்டியால் எழுதிய மூன்று வரிகள். வாங்கிய கடன். இதுவரை அடைத்தது. மீதி. மாதாமாதம் அழித்து எழுதுகிறார்கள் என்று கீழே ஒரு வரி. பழைய எண்களின் வெள்ளைத் தடம் பலகையில் லேசாகத் தெரிந்தது.

பத்துக்கு ஒன்பது போட்டேன். படம் மங்கலாக இருந்ததற்கு ஒன்று குறைத்தேன். இறுதிப் பட்டியல் வந்தபோது அது இல்லை. விசாரித்தேன்.

"அத எந்தப் பிரிவுல போடறதுன்னு தெரியல சார்" என்றார்கள்.